ஆளை அனுப்பவா, வரச் சொல்லவா? எச்.ஐ.வி. பணியில் உள்ள சிறு தொண்டு நிறுவனங்களுக்கான பயிற்சி வழிகள்: ஓர் ஒப்பீடு

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு திட்ட மேலாளர் போன மாதம் போனில் கேட்டார். "இந்த வருஷம் பயிற்சிக்குன்னு அறுபதாயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கோம். அரசுப் பயிற்சிக்கு ஆளை அனுப்பினாப் போதுமா? இல்ல, வெளியிலேர்ந்து ஒருத்தரை இங்கேயே வரச் சொல்லலாமா? எல்லாத்தையும் ஆன்லைன்லயே முடிச்சுடலாம்னு எங்க செயலாளர் சொல்றார்." அவருடைய நிறுவனத்தில் மொத்தம் பதினோரு பேர்: மேலாளர், ஆலோசகர், கணக்கர், இரண்டு களப்பணியாளர்கள், ஆறு பியர் எஜுகேட்டர்கள் (தங்களைப் போன்றவர்களிடமே போய்ப் பேசுபவர்கள்).

இந்தக் கேள்வி எனக்குப் பழக்கமானது. களப்பணியாளராகத் தொடங்கி, ஒரு டி.ஐ. திட்டத்தை (ஆபத்து அதிகமுள்ளவர்களிடையே அரசு நிதியில் தொண்டு நிறுவனம் நடத்தும் எச்.ஐ.வி. தடுப்புத் திட்டம்) நடத்தி, இப்போது பயிற்சி கொடுக்கிற வேலையில் இருக்கிறேன். அதனால் இந்த ஒப்பீட்டில் எனக்கும் ஒரு பக்கம் உண்டு, நான் கீழே சொல்லும் இரண்டாவது வழியில் சம்பாதிப்பவர்களில் நானும் ஒருவர். இதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

எச்.ஐ.வி. பற்றி ஒருமுறை கற்றுக்கொண்டு இருபது ஆண்டு ஓட்டிவிட முடியாது. 2017 வரை, உடலின் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சி.டி.4 எண்ணிக்கை ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால்தான் கூட்டு மருந்து என்று மக்களிடம் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்த ஆண்டில், தொற்று உறுதியான எல்லோருக்கும் உடனே மருந்து என்று கொள்கை மாறியது. அதற்குப் பிறகும் ஒரு களப்பணியாளர், நன்றாக உழைக்கிற, நல்ல மனசுள்ள பெண், "இப்ப உனக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு, மருந்துக்கு அவசரம் இல்ல" என்று ஓர் இளைஞனிடம் சொல்வதைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குக் கடைசியாகச் சொல்லிக்கொடுத்தது அதுதான். பயிற்சி இல்லாததன் விலையை அந்த இளைஞன் கொடுத்திருப்பான்.

எதை வைத்து அளப்பது

கட்டணம் எவ்வளவு என்பதிலிருந்துதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன். அதற்கு முன் கேட்க வேண்டியவை இவை.

*பயிற்சி யாரைப் போய்ச் சேருகிறது?* டி.ஐ. திட்டத்தில் மக்களிடம் நேரில் பேசுபவர் பியர் எஜுகேட்டர்தான். பாலியல் தொழில் செய்யும் பெண்களிடமோ திருநங்கைகளிடமோ அவர்களில் ஒருவராகவே போய்ப் பேசுபவர். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாகோவின் வழிகாட்டுதல்படி ஏறக்குறைய அறுபது பேருக்கு ஒரு பியர். ஆனால் "இரண்டு பேரை அனுப்புங்கள்" என்று கடிதம் வந்தால் போகிறவர்கள் மேலாளரும் கணக்கரும். அவர்கள் கற்று வந்ததில் பியருக்குக் கிடைப்பது திங்கள்கிழமைக் கூட்டத்தில் பத்து நிமிடம்.

*மறுபடி வருவார்களா?* மூன்று நாள் கற்றது களத்தில் இறங்கும்போது தடுமாறும். தடுமாறும் நேரத்தில் கேட்க ஒருவர் இருக்கிறாரா என்று பாருங்கள்.

*ரகசியம் காக்கப்படுமா?* மற்றத் துறைகளில் இந்தக் கேள்வியே எழாது. நம் துறையில் இதுதான் உயிர்நாடி. 2017-ல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பில் இருக்கும் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டத்தின்படி, ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவருடைய சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது. பயிற்சிக்கூடமும் அதில் அடங்கும்.

ஒருமுறை, ஒரு பயிற்சி முடிந்ததும் எல்லோரையும் பேனருக்கு முன்னால் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். நடத்தியவர்கள் அன்று மாலையே அதை முகநூலில் போட்டுவிட்டார்கள். பேனரில் எச்.ஐ.வி. என்று கொட்டை எழுத்து. எங்கள் பியர் ஒருவரின் நாத்தனார் பார்த்துவிட்டார். அந்தப் பெண் தொற்று உள்ளவரே இல்லை. இருந்தாலும் ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது, இரண்டு வாரத்தில் வேலையை விட்டுவிட்டார். அவரைப் பார்த்துப் பரிசோதனைக்கு வந்துகொண்டிருந்த பெண்களில் பாதிப் பேர் அடுத்தவரிடம் வரவே இல்லை. அன்றிலிருந்து எந்தப் பயிற்சியாக இருந்தாலும் முதல் நாள் காலையில் நான் கேட்கும் முதல் கேள்வி, படம் எடுப்பீர்களா என்பதுதான்.

*எத்தனை களநாள் போகும்?* ஆறு பியர்களை மூன்று நாள் வெளியூர் அனுப்பினால் பதினெட்டு களநாள் போயிற்று. ஆறு பேரும் சேர்ந்து பார்க்கும் முந்நூற்று அறுபது பேரில் யாருக்காவது அந்த வாரம் ஆணுறை தீர்ந்திருக்கும், யாருக்காவது பரிசோதனைத் தேதி வந்திருக்கும். பியருக்குக் கிடைப்பது மாதச் சம்பளமும் இல்லை, மதிப்பூதியம்தான். வேறு வேலைக்கும் போவார். அந்த மூன்று நாள் கூலியை யார் கொடுப்பது?

*ஆள் போனால் என்ன மிஞ்சும்?* இந்தத் துறையில் ஆட்கள் நிலைப்பதில்லை. சம்பளம் குறைவு, அதுவும் தவணை வந்தால்தான். கற்றது ஒருவர் தலைக்குள் மட்டும் இருந்தால் அவரோடு அதுவும் போய்விடும்.

சரி, இப்போது ஒவ்வொரு வழியாகப் பார்க்கலாம்.

1. அரசு வழி: மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் பயிற்சிகள்

தமிழ்நாட்டில் இதற்கு நீண்ட வேர் உண்டு. இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் 1986-ல் சென்னையில்தான் கண்டறியப்பட்டன, டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்த நிர்மலாவும் செய்த வேலை அது. 1994-ல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் பதிவுபெற்ற சங்கமாக உருவானது. பிற மாநிலங்கள் பின்னால் இதே வடிவத்தைத்தான் எடுத்துக்கொண்டன.

இந்தப் பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. டி.ஐ. ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு இது விருப்பத்தைப் பொறுத்ததும் இல்லை, போயே ஆக வேண்டும். பதிவேடுகள், மாதாந்திர அறிக்கை, நாகோவின் சோச் மென்பொருளில் பதிவு, ஆணுறைக் கையிருப்புக் கணக்கு, பால்வினை நோய் சிகிச்சைக்குப் பரிந்துரைப்பது ஆகியவற்றை இங்கே கற்றால்தான் சரியாக வரும். வெளியாள் சொல்லிக்கொடுத்த படிவம் போன வருடத்துப் படிவமாக இருந்துவிடும்.

இதில் யாரும் கணக்கில் சேர்க்காத லாபம் ஒன்று உண்டு: பக்கத்து நாற்காலி. எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தின் ஆலோசகரும், கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தின் ஆலோசகரும் வரும் கூட்டங்களில் அவர்களோடு சேர்ந்து டீ குடித்திருப்பீர்கள். அப்புறம் ஒருநாள் மாலை நாலரை மணிக்குப் புதிதாகத் தொற்று உறுதியான ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஓடும்போது, "அக்கா, பத்து நிமிஷம் இருங்க, வந்துடறோம்" என்று சொல்ல ஒரு எண் இருக்கும்.

மறைந்திருக்கும் செலவு என்ன? பயிற்சி அவர்களுடைய நாட்காட்டிப்படி நடக்கும். போன பேட்ச் முடிந்த மறுவாரம் நீங்கள் ஓர் ஆலோசகரை நியமித்தால் அடுத்த பேட்ச் வரைக்கும் அவர் பயிற்சி இல்லாமல்தான் உட்கார வேண்டும். ஐம்பது பேர் இருக்கும் அறையில் உங்கள் ஊர்ப் பிரச்சினைக்கு நேரம் கிடைக்காது. எழுதப் படிக்கத் தெரியாத பியருக்கு, திரையில் ஓடும் ஸ்லைடு ஒரு வெளிச்சம் மட்டும்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டி.எஸ்.யு. எனப்படும் தொழில்நுட்ப உதவிப் பிரிவின் திட்ட அலுவலர் உங்கள் அலுவலகத்துக்கே வருவார். நம்மில் பலர் அதை ஆய்வு என்று நினைத்து, பதிவேடுகளை அடுக்கிவைத்து, குறைகளை மறைத்து, சாப்பாடு போட்டு அனுப்பிவிடுகிறோம். நானும் மேலாளராக இருந்தபோது அதைத்தான் செய்தேன். அந்த இரண்டு மணி நேரம் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் களப்பயிற்சி. "இந்த ஏரியாவுல ஆறு மாசமா ஒருத்தர்கூட டெஸ்ட்டுக்கு வரல சார், எங்க தப்புன்னு தெரியல" என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அவரோடு அந்த ஏரியாவுக்கே போங்கள்.

2. வழிகாட்டும் நிறுவனம்: உங்கள் இடத்துக்கே வந்து கற்றுக்கொடுப்பவர்கள்

இதற்கும் நம்மிடம் வரலாறு உண்டு. அமெரிக்க உதவியோடு சென்னை வி.எச்.எஸ். (வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ்) 1995 முதல் நடத்திய ஏபாக் திட்டம், தொண்டு நிறுவனங்களுக்கு நிதி தந்ததோடு பயிற்சியையும் சேர்த்தே கொடுத்தது. கேட்ஸ் அறக்கட்டளை 2003-ல் தொடங்கிய ஆவாகன் என்ற எச்.ஐ.வி. தடுப்புத் திட்டம் இந்தியாவின் ஆறு மாநிலங்களில் நடந்தது, அதில் தமிழ்நாடும் ஒன்று. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சாத்தி என்ற தொண்டு நிறுவனம் 2000 முதல் இந்தத் துறையில் இருக்கிறது. இவை தவிர, என்னைப் போல் தனியாகப் போய்ச் சொல்லிக்கொடுப்பவர்களும் இருக்கிறோம்.

ஆவாகன் காலத்தில் பரவிய நுண்திட்டம் என்கிற முறையை எடுத்துக்கொள்ளுங்கள். பியர் தன் பகுதியில் உள்ள ஒவ்வொருவரையும் தனித்தனியாக எண்ணி, இவருக்கு என்ன ஆபத்து, எப்போது பார்க்க வேண்டும் என்று தானே திட்டமிடுவது. இதை ஒரு வகுப்பில் விளக்கிப் பார்த்திருக்கிறேன், தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். அதையே ஒரு டி.ஐ. அலுவலகத்தின் சிமெண்ட் தரையில் ஒரு மூத்த பயிற்சியாளர் செய்து காட்டியபோது நடந்தது வேறு. சாக்பீஸால் பஸ் ஸ்டாண்ட், லாட்ஜ் தெரு, லாரி நிற்கும் பெட்ரோல் பங்க், கோயில் பின்பக்கம் எல்லாவற்றையும் வரைந்தார். பியரின் கையில் ஒரு குவளை புளியங்கொட்டை. "ஒரு கொட்டை ஒரு பொண்ணு. யார் யார் எங்க நிப்பாங்கன்னு வை" என்றார். கையெழுத்துக்கூடப் போடத் தெரியாத அந்தப் பியர் ஐந்து நிமிடத்தில் ஐம்பத்து மூன்று கொட்டைகளை வைத்து முடித்துவிட்டார். "ஆறு மாசத்துல டெஸ்ட் பண்ணாதவங்களை எடு" என்றதும் அவர் கை பெட்ரோல் பங்க் பக்கமே போய்க்கொண்டிருந்தது. பதினான்கு கொட்டை. அந்தப் பெண்கள் இரவு பத்துக்கு மேல்தான் வருவார்கள், எங்கள் பரிசோதனை முகாமோ சாயங்காலம் ஆறு மணிக்கே முடிந்துவிடும். மூன்று வருடமாக எங்கள் பதிவேட்டில் இருந்த விஷயம்தான். எங்களில் யாருக்கும் கண்ணில் படவில்லை.

இந்த வழியின் பலம் அதுதான், உங்கள் ஊர், உங்கள் ஆட்கள், உங்கள் பதிவேடு. நல்ல வழிகாட்டி மூன்று மாதம் கழித்து மறுபடி வந்து, முகாம் நேரம் மாறியதா என்று கேட்பார்.

மறைந்திருக்கும் செலவுகளும் இங்கேதான் அதிகம். பெரிய நிறுவனம் இலவசமாகத் தந்தால் அதற்குப் பின்னால் ஒரு கொடையாளர் இருப்பார், அவருக்கு ஓர் அறிக்கை வேண்டும், அதற்கான விவரங்களை உங்கள் கணக்கர்தான் தட்டச்ச வேண்டும். அவர்கள் திட்டத்தில் இந்த வருடம் காசநோய் என்றால் உங்களுக்கும் காசநோய்தான், ஆலோசகரின் மனச்சோர்வு அல்ல. திட்டம் முடிந்தால் வருகையும் முடியும். 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது, ஐதராபாத், கல்யாண், புனே நகரங்களில் திருநங்கைகளுக்காக நடந்த மித்ர் மருத்துவமனைகள் மூடப்பட்டன. ஒரே ஒரு கயிற்றைப் பிடித்துத் தொங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட நெருக்கமான உதாரணம் வேண்டாம்.

பெரிய நிறுவனத்தோடு நெருங்கும்போது உங்கள் நல்ல ஆளை அவர்கள் எடுத்துக்கொள்வதும் நடக்கும். எனக்கு நடந்திருக்கிறது. நான்கு வருடம் வளர்த்த ஆலோசகர், பயிற்சிக்கு வந்தவர்களிடமே வேலைக்குச் சேர்ந்தார். அந்தப் பெண்ணுக்குச் சம்பளம் இரண்டு மடங்கு, அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அழைத்துக்கொண்டவர்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

3. எச்.ஐ.வி. உள்ளோர் கூட்டமைப்புகளும் சமூக அமைப்புகளும்

எச்.ஐ.வி. உள்ளோரின் தேசியக் கூட்டமைப்பான ஐ.என்.பி. ப்ளஸ் 1997-ல், பாசிட்டிவ் பெண்கள் கூட்டமைப்பு 1998-ல், இரண்டும் சென்னையில் தொடங்கியவை. மாவட்ட அளவிலும் எச்.ஐ.வி. உள்ளோர் கூட்டமைப்புகள் இருக்கின்றன. பயிற்சி என்றதும் யாருக்கும் இவர்கள் நினைவுக்கு வருவதில்லை. "அனுபவப் பகிர்வு" என்று சொல்லி, மதியச் சாப்பாட்டுக்கு முன் இருபது நிமிடம் ஒதுக்குவார்கள். எனக்கு இது வேதனை தருகிற விஷயம்.

ஆலோசகர்களுக்கான ஓர் அமர்வைப் பற்றிச் சொல்கிறேன். கூட்டமைப்பிலிருந்து வந்த ஒரு பெண், எங்கள் ஆலோசகரை எதிரில் உட்காரவைத்து, "நான் ரிசல்ட்டுக்கு வந்திருக்கேன். சொல்லுங்க" என்றார். எங்கள் ஆலோசகர் நன்றாகப் படித்தவர், சமூகப்பணியில் முதுகலை. எல்லாவற்றையும் சரியாகவே சொன்னார்: மூன்று பரிசோதனையும் உறுதிசெய்கிறது, மருந்து இலவசம், தினமும் ஒரு மாத்திரை, ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவு மூலம் மற்றவருக்குப் பரவாது. முடித்ததும் அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நீங்க பேப்பரைப் பார்த்துக்கிட்டே சொன்னீங்க. நான் உங்க முகத்தைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். மாத்திரைன்னு நீங்க சொன்னதே என் காதுல விழலை" என்றார்.

அதை எந்தப் பாடநூலும் அப்படிச் சொல்லாது. அன்றைக்குப் பிறகு எங்கள் ஆலோசகர் முடிவைச் சொல்லிவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைப்பார். முதல் நாளில் எல்லாவற்றையும் சொல்லி முடிப்பதை விட்டுவிட்டார்.

சிகிச்சையில் நிலைக்கவைப்பது, மருந்தை விட்டவரை மறுபடி கொண்டுவருவது, வீட்டில் சொல்வதா வேண்டாமா என்ற குழப்பம், குழந்தைக்கு எப்போது எப்படிச் சொல்வது, மருத்துவமனையில் ஒதுக்கினால் எங்கே புகார் தருவது ஆகியவற்றில் இவர்களுக்கு மிஞ்சிய ஆசிரியர் இல்லை. திருநங்கைகளோடு வேலை என்றால் திருநங்கைகள் நடத்தும் அமைப்பு, போதை ஊசி பயன்படுத்துபவர்களோடு வேலை என்றால் அதிலிருந்து மீண்டவர்கள்.

இங்கே மறைந்திருக்கும் செலவு உங்களைவிட அவர்களுக்குத்தான் அதிகம். ஒவ்வொரு முறையும் முன்பின் தெரியாதவர்களுக்கு முன்னால் தன் கதையைத் திறப்பது ஒருவரைக் களைக்கவைக்கும். அதனால் டாக்டருக்குக் கொடுக்கும் அதே ஊதியத்தை இவருக்கும் கொடுங்கள், பஸ் செலவும் சால்வையும் ஊதியம் ஆகாது. "உங்களுக்கு எப்படி வந்துச்சு" என்ற கேள்வி அறையில் எழக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எதைச் சொல்வது, எதை விடுவது என்பது அவர் முடிவு. அப்புறம், கணக்கு, அறிக்கை, மதிப்பீட்டுக்குத் தயாராவது போன்றவற்றுக்கு இவர்களை அழைக்காதீர்கள். அது அவர்கள் பலம் இல்லை, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

4. இணையவழி

செலவு குறைவு, பயணம் இல்லை, களநாள் போகாது. மேலாளருக்கும் ஆலோசகருக்கும் புதிய வழிகாட்டுதல் வந்தால் ஒரு மணி நேரத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இதில் நான் மதிக்கும் வடிவம் எக்கோ. 2003-ல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் சஞ்சீவ் அரோரா தொடங்கிய முறை, இன்று இந்தியாவிலும் பரவலாக உள்ளது. ஒருவர் தன்னிடம் வந்த ஒரு சிக்கலை, பெயர் ஊர் இல்லாமல் எடுத்துவைப்பார். நிபுணரும் மற்ற ஊர்க்காரர்களும் சேர்ந்து பேசுவார்கள். குறிப்பிட்ட நாளில் திரும்பத் திரும்ப நடப்பதால், "மறுபடி வருவார்களா" என்ற கேள்விக்கு இது நன்றாகவே பதில் சொல்கிறது.

ஆனால் பியர்களுக்கு இதைக் கொடுக்காதீர்கள். வீட்டில் மாமியார் பக்கத்தில் இருக்க, கணவரோடு பகிர்ந்துகொள்ளும் போனில், "எச்.ஐ.வி. தடுப்பில் இன்று…" என்று ஒரு குரல் சத்தமாக ஒலித்தால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். அலுவலகத்திலேயே எல்லோரையும் உட்காரவைத்து ஒரே திரையில் போட்டால் கொஞ்சம் பரவாயில்லை. அப்போதும் ஆணுறை விளக்கமும் ஆலோசனைப் பயிற்சியும் திரை வழியாக வராது. சான்றிதழ்களைக் கோப்பில் அடுக்குவதற்கு மட்டும் இதைச் செய்வதாக இருந்தால் வேண்டாம்.

இன்னொரு நிறுவனத்துக்குப் போய் இருந்துவிட்டு வருவது

இதைத் தனி வழியாக யாரும் எண்ணுவதில்லை, பஸ் செலவில் முடிந்துவிடும் என்பதாலோ என்னவோ. பக்கத்து மாவட்டத்தில் நன்றாக நடக்கும் டி.ஐ.க்கு உங்கள் பியர்கள் இருவரை இரண்டு நாள் அனுப்புங்கள். பியருக்குப் பியர் சொன்னால் ஏறும். ஒரே நிபந்தனை, அந்தப் பகுதியில் உங்கள் பியருக்குச் சொந்தபந்தம் இருக்கிறதா என்று முதலில் அவரிடமே கேட்டுவிடுங்கள்.

ஒரே பார்வையில்

| | அரசுப் பயிற்சி | நேரில் வரும் வழிகாட்டி | கூட்டமைப்புகள் | இணையவழி |
|---|---|---|---|---|
| யாருக்கு அதிகம் உதவும் | மேலாளர், கணக்கர், புதிய ஆலோசகர் | பியர், களப்பணியாளர் | ஆலோசகர், களப்பணியாளர் | மேலாளர், ஆலோசகர் |
| நேரடிச் செலவு | இல்லை | அதிகம், அல்லது கொடையாளர் தயவு | நடுத்தரம் | மிகக் குறைவு |
| மறைந்த செலவு | களநாள், காத்திருப்பு | அறிக்கை வேலை, திடீர் முடிவு, ஆள் இழப்பு | பேசுபவரின் மனச்சுமை | ரகசியம், போன் வசதி |
| தொடர்ச்சி | டி.எஸ்.யு. வருகையைப் பயன்படுத்தினால் உண்டு | ஒப்பந்தத்தில் எழுதினால் உண்டு | ஒரே ஊர் என்றால் மிக நன்று | எக்கோ முறையில் உண்டு |
| ரகசியம் | படம், பேனர் கவனம் | எளிதில் காக்கலாம் | இவர்களே காவலர்கள் | பியர்களுக்கு ஆபத்து |
| ஆள் போனபின் மிஞ்சுவது | படிவங்கள், நெறிமுறை | அலுவலகப் பழக்கம் | ஊருக்குள் உறவு | பதிவுகள் |

பணம் வரும் வழியும் பயிற்சியைத் தீர்மானிக்கும்

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் ஐந்தாம் கட்டம், 2021 முதல் 2026 மார்ச் வரைக்கானது, முழுக்க மத்திய அரசின் பணத்தில் திட்டமிடப்பட்டது. அதனால் டி.ஐ.யின் அடிப்படைப் பயிற்சி வெளிநாட்டுக் கொடையை நம்பி இல்லை, அது நிம்மதி. அதற்கு மேல் வேண்டியதற்குத்தான் நாம் வெளியே பார்க்கிறோம்.

வெளிநாட்டுக் கொடையில் 2020 செப்டம்பரில் எப்.சி.ஆர்.ஏ. எனப்படும் வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்துக்குத் திருத்தம் வந்தபின் இரண்டு விஷயம் மாறிவிட்டது. வெளிநாட்டுப் பணம் பெற்ற நிறுவனம் அதை இன்னொரு நிறுவனத்துக்குப் பிரித்துத் தர முடியாது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. முன்பெல்லாம் பெரிய நிறுவனம் பயிற்சியும் தரும், அதை நடைமுறைப்படுத்தக் கொஞ்சம் நிதியும் தரும். இப்போது பயிற்சி மட்டும்தான் வரும். கற்றதைச் செய்து பார்க்க ஆட்டோ காசு யாருடையது என்று முதல் கூட்டத்திலேயே கேளுங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை, அவர்களுக்கும் இந்தச் சிக்கல் தெரியும்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைத் தேடுவதாக இருந்தால், 2021 ஏப்ரல் முதல் சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு வேண்டும். கம்பெனிகளுக்குப் படமும் விழாவும் பிடிக்கும். பயனாளிகளின் முகம் எந்த இடத்திலும் வராது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள், அந்தப் பணம் நமக்கு வேண்டாம்.

எந்த நிலையில் எது

புதிதாக டி.ஐ. கிடைத்திருக்கிறதா, அல்லது முக்கிய ஆட்கள் மாறிவிட்டார்களா? முதல் ஆறு மாதம் அரசுப் பயிற்சியில் மட்டும் கவனம் வையுங்கள். அடித்தளம் இல்லாமல் வெளியாளை அழைத்தால் அவர் படிவம் நிரப்பக் கற்றுக்கொடுப்பதிலேயே நேரம் போய்விடும்.

இரண்டு மூன்று வருடமாக ஓடுகிறது, எண்ணிக்கை அப்படியே நிற்கிறது, புதியவர்கள் வரவில்லை என்றால் நேரில் வரும் வழிகாட்டி. மருந்தை விட்டுவிடுபவர்கள் அதிகம், அல்லது உங்கள் ஆட்களின் பேச்சிலேயே ஒதுக்கல் தெரிகிறது என்றால் கூட்டமைப்பு, யோசிக்கவே வேண்டாம். ஏற்கெனவே தேர்ந்த ஆலோசகர் தனியாகத் திணறுகிறார் என்றால் எக்கோ.

போனில் கேட்ட மேலாளருக்கு நான் போட்டுக்கொடுத்த கணக்கு இது. அவருடைய சிக்கல் இரண்டாவது வகை, கொஞ்சம் மூன்றாவது வகை. மேலாளர், கணக்கர், ஆலோசகர் மூவரும் அரசுப் பயிற்சிக்கு, செலவில்லை. அவர் விசாரித்து வைத்திருந்த வழிகாட்டி மூன்று முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நாள், பயணத்தோடு சேர்த்து முப்பதாயிரம். அது நான் இல்லை. மாவட்டக் கூட்டமைப்பிலிருந்து ஒருவர் இரண்டு நாள், எட்டாயிரம். வழிகாட்டி வரும் ஆறு நாளும் ஆறு பியர்களுக்கும் நாள் கூலி நானூறு வீதம் பதினான்காயிரத்து நானூறு. மீதி ஏழாயிரத்து அறுநூறில் பக்கத்து மாவட்டப் பயணமும் டீயும் சாக்பீஸும்.

நாள் கூலியைப் பார்த்ததும் அவர் தயங்கினார். "பயிற்சிக்கு வர்றதுக்குக் காசு கொடுத்தா கெட்ட பழக்கம் ஆயிடாதா?" என்றார். அந்தப் பெண்கள் காலையில் பூ கட்டப் போகிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், ஒரு நாள் போகாவிட்டால் அன்றைக்குப் பால் வாங்க முடியாது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, "ஐந்நூறாப் போட்டுக்கலாமா? பேனர் வேண்டாம்னு சொல்லிட்டா அந்தக் காசு மிஞ்சும்" என்றார். ஆறு நாளுக்கு ஆறு பேர், நூறு ரூபாய் கூட என்றால் மூவாயிரத்து அறுநூறு. அவருக்கு வந்திருந்த பேனர், சால்வை, போட்டோகிராபர் மதிப்பீட்டை எடுத்துப் பார்த்தோம். அது அதற்கு மேலேயே இருந்தது.